லாக்கப் மரணம்: எந்த விசாரணையைக் கேட்பது?

விசாரணைக்குக் கூட்டிப்போன ஆள் இறந்துவிட்டார் என்ற தகவல் வந்த சில மணி நேரத்துக்குள் அந்தக் குடும்பத்தைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிடும். சொந்தக்காரர்கள், கட்சிக்காரர்கள், வழக்கறிஞர்கள், சமாதானம் பேச வரும் ஊர்ப் பெரியவர்கள். ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். "சிபிஐ விசாரணை கேளுங்க." "மனித உரிமை ஆணையத்துக்கு எழுதிப் போடுங்க." "நீதிபதி தலைமையில கமிஷன் வைக்கச் சொல்லுங்க." "முதல்ல பாடியை வாங்கி அடக்கம் பண்ணுங்க, மத்ததைப் பிறகு பாத்துக்கலாம்." கடைசியாகச் சொன்னவர் நல்ல எண்ணத்தில்கூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டால் மற்ற மூன்று வழிகளிலும் போய்ச் சேரும் இடம் பாதியாகச் சுருங்கிவிடும்.

எந்த வழி எதைத் தரும், எதைத் தராது என்று தெரிந்துகொண்டு கேட்க வேண்டிய விஷயம் இது. ஏனென்றால் கணக்கு அவ்வளவு கொடுமையாக இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுகளில் 2001 முதல் 2020 வரையான 20 ஆண்டுகளில் நாடு முழுவதும் போலீஸ் காவலில் இறந்தவர்கள் 1,888 பேர். அவற்றில் போலீசார் மீது பதிவான வழக்குகள் 893. குற்றப்பத்திரிகையில் பெயர் ஏறிய போலீசார் 358 பேர். தண்டனை பெற்றவர்கள் 26 பேர்.

1,888 எப்படி 26 ஆகிறது? கொலை நடந்த இடமே காவல் நிலையம். சாட்சிகள் எல்லாரும் அங்கே வேலை பார்ப்பவர்கள். நிலையத்தின் அன்றாட நடப்பை எழுதும் பொதுக் குறிப்பேடு, பணிப் பதிவேடு, சிசிடிவி, லத்தி, ரத்தக்கறை படிந்த துணி என்று எல்லாச் சாட்சியமும் குற்றம் சாட்டப்பட வேண்டியவர்களின் கையிலேயே இருக்கிறது. காவல் நிலையச் சித்திரவதை வழக்குகளில் போலீசாரே சக போலீசாருக்கு எதிராகச் சாட்சி சொல்வது அபூர்வம் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சியாம்சுந்தர் திரிவேதி வழக்கில் வெளிப்படையாகவே எழுதியது. அதனால் ஒரு விசாரணையை எடைபோட நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அந்தச் சாட்சியங்களை இவர்கள் கையிலிருந்து யார் பிடுங்குகிறார், எத்தனை மணி நேரத்தில்?

இந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் சொல்லும் ஏற்பாடு சட்டத்திலேயே இருக்கிறது. நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) விசாரணை. முன்பெல்லாம் லாக்கப் மரணம் என்றால் ஆர்.டி.ஓ. விசாரணைதான். வருவாய்த் துறை அதிகாரி வந்து நாலு பேரிடம் வாக்குமூலம் வாங்கி அறிக்கை அனுப்புவார். மாவட்ட நிர்வாகமும் காவல் துறையும் தினமும் ஒன்றாக வேலை செய்பவை. அந்த அறிக்கையில் எவ்வளவு எதிர்பார்க்க முடியும்? குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 176(1ஏ) பிரிவு சேர்க்கப்பட்டு, 2006 ஜூன் 23இல் நடைமுறைக்கு வந்த பிறகு, போலீஸ் காவலில் நடக்கும் மரணத்தை நீதித்துறை நடுவர் விசாரிப்பது கட்டாயமானது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய நாகரிக் சுரக்ஷா சட்டத்தில் இது 196ஆவது பிரிவு. போலீஸ் புலனாய்வுக்குப் பதிலாக அல்ல, அதற்கு மேலதிகமாக நடக்கும் விசாரணை இது. குடும்பத்தினருக்குத் தகவல் சொல்ல வேண்டும், விசாரணையின்போது அவர்கள் உடனிருக்கவும் அனுமதிக்க வேண்டும். இதைக் கேட்டு வாங்க வேண்டியதில்லை. ஆனாலும் கேட்டு, எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

நடுவர் ஒருவர் மனது வைத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சாத்தான்குளத்தைத்தான் சொல்ல வேண்டும். 2020 ஜூன் 19ஆம் தேதி, கொரோனா ஊரடங்கில் கடையை நேரம் தாண்டித் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் பிடித்துச் செல்லப்பட்டார்கள். கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்ட இருவரில் மகன் 22ஆம் தேதி இரவும், தந்தை 23ஆம் தேதி அதிகாலையும் இறந்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதன் உத்தரவின்பேரில் கோவில்பட்டி நடுவர் பாரதிதாசன் 28ஆம் தேதி அந்தக் காவல் நிலையத்துக்கே நேரில் போனார். லத்திகளை ஒப்படைக்கச் சொன்னபோது காது கேளாதவர்கள்போல நின்றார்கள். ஒருவர் நடுவரையே ஒருமையில் தரக்குறைவாகப் பேசினார். இன்னொருவர் சுவரேறிக் குதித்து ஓடினார். சிசிடிவியின் ஹார்டு டிஸ்கில் போதுமான இடம் இருந்தும், அன்றாடப் பதிவு அன்றாடம் தானாக அழிந்துபோகும்படி அமைத்து வைத்திருந்தார்கள். இத்தனைக்கும் நடுவில் ஒரு பெண் தலைமைக் காவலர் வாய் திறந்தார். இரவு முழுக்க அடித்தார்கள், லத்தியிலும் மேசையிலும் ரத்தக்கறை இருக்கிறது, அழிப்பதற்குள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். சொன்னதை எழுதி நீட்டியபோது கையெழுத்துப் போட நடுங்கினார், பிறகு போட்டார்.

அந்த ஒரு கையெழுத்தில் வழக்கு நின்றது. நடுவரின் அறிக்கை உயர் நீதிமன்றத்துக்குப் போனதும், தடயங்களைக் காப்பதற்காகக் காவல் நிலையமே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் வைக்கப்பட்டது. அதுவரை தமிழ்நாடு அப்படியொன்றைப் பார்த்ததில்லை.

இந்த வழியின் பலவீனமும் அதே கதையில் இருக்கிறது. நடுவரின் பின்னால் உயர் நீதிமன்றம் நின்றது. அப்படி யாரும் நிற்காத ஊர்களில் அதே பிரிவின் கீழ் நடக்கும் விசாரணை, மருத்துவமனைக்குப் போய்ப் பிணத்தைப் பார்த்து, சொந்தக்காரர்களிடம் ஒரு வாக்குமூலம் வாங்குவதோடு நின்றுபோகலாம். நடுவர் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய முடியாது. அவர் அறிக்கையை எடுத்துக்கொண்டு புலனாய்வு செய்து வழக்கைக் கொண்டுபோக இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் யார் என்பதில்தான் சிபிசிஐடியா சிபிஐயா என்ற சண்டை வருகிறது.

கூட்டத்தில் எல்லாரும் சிபிஐ என்பார்கள். அதற்கு நியாயமான காரணம் உண்டு. சிபிசிஐடி என்பது மாநிலக் காவல் துறையின் ஒரு பிரிவு. அதன் அதிகாரி நேற்று இன்னொரு மாவட்டத்தில் எஸ்.பி.யாகவோ டி.எஸ்.பி.யாகவோ இருந்தவர், நாளையும் அப்படி ஆகப்போகிறவர். அவர் தன் துறை ஆளையே கொலை வழக்கில் கைது செய்வார் என்று மகனைப் பறிகொடுத்த தாய் நம்ப வேண்டும் என எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஆனால் நடந்ததைத் தேதி வாரியாகப் பாருங்கள். சாத்தான்குளம் வழக்கை சிபிஐக்கு மாற்றுவதாக அரசு அறிவித்துவிட்டது. சிபிஐ வந்து சேர்வதற்குள் தடயங்கள் போய்விடும் என்று சொல்லி, ஜூன் 30ஆம் தேதி மதுரைக் கிளையின் நீதிபதிகள் பி.என்.பிரகாஷ், பி.புகழேந்தி அமர்வு இடைக்காலமாக சிபிசிஐடியை இறக்கியது. மறுநாள் ஜூலை 1ஆம் தேதி இரவே ஓர் உதவி ஆய்வாளர் கைதானார். அடுத்து ஆய்வாளரும் மற்றவர்களும். சிபிஐ குழு வந்து சேரும்போது ஜூலை 10 ஆகிவிட்டது. அந்தப் பத்து நாளையும் அந்த நிலையத்தின் ஆட்களிடமே விட்டிருந்தால் எது மிஞ்சியிருக்கும்? செப்டம்பர் இறுதியில் சிபிஐ குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது, அது அவர்கள் வேலையின் வேகம். அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 2025 ஜூலையிலும் மதுரையில் அந்த வழக்கு விசாரணை நீதிமன்றத்திலேயே நடந்துகொண்டிருந்தது.

சிபிஐ என்ற பெயரை மட்டும் நம்பக்கூடாது என்பதற்குப் பக்கத்து மாநிலத்தில் மனதைப் பிசையும் உதாரணம் இருக்கிறது. 2005 செப்டம்பரில் திருவனந்தபுரம் ஃபோர்ட் காவல் நிலையத்தில் ஓர் இளைஞரைத் தொடைமீது இரும்புக் குழாயை உருட்டிக் கொன்றார்கள். சாட்சிகள் பிறழ்ந்தார்கள். அவருடைய தாய் விடாமல் போராடி வழக்கை சிபிஐக்கு மாற்ற வைத்தார். 2018 ஜூலையில் சிபிஐ நீதிமன்றம் இரண்டு போலீசாருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. நாடே அதை ஒரு திருப்புமுனையாகப் பேசியது. 2025 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம், சிபிஐ புலனாய்வில் இருந்த ஓட்டைகளைச் சுட்டிக்காட்டி அனைவரையும் விடுதலை செய்தது. இருபது ஆண்டுகள் நீதிமன்றப் படியேறியும் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. முதல் சில நாட்களில் சேகரிக்காத சாட்சியத்தை இரண்டு ஆண்டு கழித்து எவ்வளவு பெரிய அமைப்பு வந்தாலும் உண்டாக்க முடியாது.

ஆகவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று கேட்டால், கேள்வியையே மாற்றிப் போட வேண்டும் என்பேன். கேட்க வேண்டியது உயர் நீதிமன்றத்தின் கண்காணிப்பு. சம்பந்தப்பட்ட மாவட்டத்துக்கு வெளியே உள்ள அதிகாரி இன்றைக்கே புலனாய்வைத் தொடங்க வேண்டும், குறிப்பிட்ட தேதிக்குள் நீதிமன்றத்தில் நிலை அறிக்கை வைக்க வேண்டும், அதில் திருப்தி இல்லாவிட்டால் சிபிஐக்கு மாற்ற வேண்டும் என்ற வரிசையில் மனு போட வேண்டும். மாநில அரசு சம்மதிக்காவிட்டாலும் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2010இலேயே உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. அந்தக் கதவு பின்னாலும் திறந்தே இருக்கும்; முதல் நாளே அதை மட்டும் தட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

மடப்புரம் வழக்கு இந்த வரிசைக்கு ஓரளவு ஒத்துவந்தது. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் பத்ரகாளியம்மன் கோயில் காவலாளி அஜித்குமாரை, நகை காணாமல்போன புகார் ஒன்றுக்காகத் தனிப்படைப் போலீசார் அடித்தார்கள். 28ஆம் தேதி அவர் இறந்தார். நகைப் புகாரில் அதுவரை எஃப்.ஐ.ஆர். கூடப் போடவில்லை. உடற்கூராய்வில் தெரிந்த காயங்கள் 44. கோயில் கழிப்பறை ஜன்னல் வழியாக ஒருவர் உயிரைப் பணயம் வைத்து செல்போனில் எடுத்த வீடியோ இல்லையென்றால் இதுவும் வலிப்பு வந்து விழுந்த கதையாகப் போயிருக்கும். மதுரைக் கிளை உடனடியாக ஒரு மாவட்ட நீதிபதியை விசாரிக்க நியமித்தது, சிசிடிவி பதிவுகளையும் மற்ற ஆவணங்களையும் காக்கச் சொன்னது. ஜூலை 8ஆம் தேதிக்குள் அறிக்கை வந்துவிட்டது. அரசு சிபிஐக்கு மாற்றியிருந்ததால், சிபிஐக்கும் ஆகஸ்ட் 20 என்று கெடு வைத்தது. நீதிபதியின் அறிக்கை முதலில், கெடுவோடு கூடிய சிபிஐ பிறகு. நான் சொல்லும் வரிசை இதுதான்.

மனித உரிமை ஆணையத்தைப் பற்றிச் சிலர் இளக்காரமாகப் பேசுவார்கள், "பல்லில்லாத ஆணையம்" என்று. எனக்கு அந்தக் கருத்து முழுசாக உடன்பாடில்லை. லாக்கப் மரணம் நடந்த 24 மணி நேரத்துக்குள் தேசிய ஆணையத்துக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்பது 1993இலிருந்து இருக்கும் நடைமுறை. இடைக்கால நிவாரணம் பரிந்துரைக்கலாம், அந்தத் தொகையைத் தவறு செய்தவரின் சம்பளத்திலிருந்தே பிடிக்கச் சொல்லலாம். மாநில ஆணையத்தின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. இது சின்ன விஷயமில்லை. ஆனால் ஆணையத்தால் யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாது. எனவே குற்ற வழக்குக்குத் துணையாக அங்கே போகலாம், அதற்கு மாற்றாகப் போகக்கூடாது. இரண்டு விஷயம் மட்டும் நினைவிருக்கட்டும். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். மாநில ஆணையத்தில் நிலுவையில் உள்ளதைத் தேசிய ஆணையம் விசாரிக்காது. ஆளுக்கொரு மனுவை இரண்டு இடத்துக்கும் போட்டால் பின்னால் சிக்கல் நமக்குத்தான்.

கமிஷன் வேண்டவே வேண்டாம். ஓய்வு பெற்ற நீதிபதி என்றதும் மக்களுக்கு ஒரு மரியாதை வரும், ஆறுதலும் கிடைக்கும். தூத்துக்குடித் துப்பாக்கிச் சூடு லாக்கப் மரணம் அல்ல, ஆனாலும் கமிஷன் என்றால் என்ன என்பதற்கு அது போதும். 2018 மே மாதம் நடந்ததற்கு அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. 17 போலீசார் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்த, உழைத்து எழுதப்பட்ட அறிக்கை. ஆனால் கமிஷன் அறிக்கை தீர்ப்பல்ல, அரசு விரும்பினால் ஏற்கும் ஆலோசனை. அங்கே ஒருவர் சொன்ன வாக்குமூலத்தைக் குற்ற வழக்கில் அவருக்கு எதிராகப் பயன்படுத்தவும் முடியாது.

காவல் துறைப் புகார் ஆணையம் என்று ஒன்றும் சட்டப் புத்தகத்தில் உண்டு. பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னது ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் அமைக்க. தமிழ்நாடு 2013இல் இயற்றிய சட்டத்தில் மாநில அளவில் உள்துறைச் செயலாளர் தலைவர், டி.ஜி.பி. உறுப்பினர், மாவட்டத்தில் ஆட்சியர் தலைவர். யார் மீது புகாரோ அவர்களின் மேலதிகாரிகளிடமே புகார். இதற்காக ஒரு நாளைக்கூடச் செலவழிக்க வேண்டாம்.

எல்லாக் கதவும் மூடிப்போனால் மிஞ்சுவது தனிப்புகார்: நடுவர் நீதிமன்றத்தில் குடும்பமே நேரடியாகக் குற்றப் புகார் தாக்கல் செய்வது. புதிய சட்டத்தில் இது முன்னைவிடக் கடினம். அரசு ஊழியர் மீதான புகார் என்றால், அவர் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பும் மேலதிகாரியின் அறிக்கையும் வந்த பிறகே நடுவர் அதை எடுத்துக்கொள்ள முடியும். அரசின் முன் அனுமதி வேண்டும் என்று போலீஸ் தரப்பு நிச்சயம் வாதாடும். ஒருவரை அடித்துக் கொல்வது அலுவல் கடமை ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொன்ன பிறகும் அந்த வாதம் ஆண்டுக்கணக்கில் வழக்கை இழுக்கப் பயன்படுகிறது. 120 நாளில் அரசு பதில் சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கொள்ளலாம் என்று புதிய சட்டத்தில் ஒரு நல்ல வரி இருக்கிறது, அது இந்த வழியில் போவோருக்கு உதவும்.

பணத்தைப் பற்றிப் பேசக் குடும்பங்கள் கூசுகின்றன. கூச வேண்டியதில்லை. காவலில் நடந்த மரணத்துக்கு அரசு இழப்பீடு தர வேண்டும் என்பது 1993இல் நீலபதி பெஹெரா வழக்கிலிருந்து நிலைபெற்ற உரிமை. மடப்புரம் வழக்கில் மதுரைக் கிளை கூடுதலாக 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கச் சொன்னது. வேலை, வீட்டுமனைப் பட்டா, காசோலை எதை வாங்கினாலும் வழக்கு அழியாது. கொலைக் குற்றம் இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளக்கூடியதல்ல. "இதை வாங்கிக்கிட்டா கேஸ் கிடையாது" என்று யாராவது சொன்னால் அது பொய். அரசு தருவதைத் தாராளமாக வாங்கலாம். கூடவே நீட்டும் வெள்ளைத்தாளில் மட்டும் கையெழுத்துப் போடக்கூடாது. போலீஸ்காரர் தனிப்பட்ட முறையில் ஆள் விட்டுக் கொடுத்தனுப்பும் பணம் வேறு. அது சாட்சியைக் கலைப்பதற்கான பணம், அதைத் தொடவே கூடாது.

இறந்தவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவரானால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகளையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டே ஆக வேண்டும். அந்தச் சட்டத்தின் 15ஏ பிரிவு, ஜாமீன் விசாரணை உட்பட ஒவ்வொரு கட்டத்திலும் குடும்பத்துக்குத் தகவல் சொல்லி அவர்கள் தரப்பைக் கேட்கச் சொல்கிறது. போலீசில் புகார் கொடுக்கவே அஞ்சும் குறவர், இருளர் குடும்பங்களுக்கு இது பெரிய பலம்.

இனி அந்த முதல் இரண்டு நாளுக்கு வருகிறேன். பிணவறை வாசலில்தான் பல வழக்குகள் தோற்றுப்போகின்றன. மதுரைக் கிளை 2020 இறுதியில் வகுத்த நெறிமுறைகளை அங்கே நிற்கும் ஒருவராவது அச்செடுத்துக் கையில் வைத்திருக்க வேண்டும். குடும்பத்தினரோ அவர்கள் அனுப்பும் ஆளோ உடலை முன்புறமும் பின்புறமும் பார்க்கலாம், படமும் வீடியோவும் எடுக்கலாம். அவர்கள் பார்ப்பதற்கு முன் உடற்கூராய்வு கூடாது. முதுகையும் பிட்டத்தையும் உள்ளங்கால்களையும் கட்டாயம் பார்க்க வேண்டும், லத்தி அடி பெரும்பாலும் அங்கேதான் விழும். துணியை விலக்கிப் பார்க்க அந்தத் தாய்க்கோ மனைவிக்கோ மனம் வராது. தெம்புள்ள ஓர் உறவினர், கூட ஒரு வழக்கறிஞர் போகட்டும். தடயவியல் மருத்துவர்கள்தான் உடற்கூராய்வு செய்ய வேண்டும், அது வீடியோவில் பதிவாக வேண்டும், அறிக்கை நகலும் வீடியோவும் குடும்பத்துக்குத் தரப்பட வேண்டும். உயர் நீதிமன்றம் போகப்போகிறோம் என்று எழுதிக் கொடுத்தால் உடலைக் குறைந்தது 48 மணி நேரம் பிணவறையில் வைத்திருக்க வேண்டும். "நாளைக்கு ஆஸ்பத்திரியில இடமில்ல, இன்னைக்கே எடுத்துட்டுப் போங்க" என்ற அவசரத்துக்கு இந்த ஒரு கடிதம்தான் பதில். எரித்துவிட்டால் மறு உடற்கூராய்வு கிடையாது.

அந்த 48 மணி நேரத்துக்குள் மனுவில் இருக்க வேண்டியவை: நிலையத்தின் சிசிடிவி பதிவையும் அதன் ஹார்டு டிஸ்கையும் நீதிமன்றப் பொறுப்பில் எடுக்க வேண்டும். காவல் நிலையக் கேமராப் பதிவுகளை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது, அதைக் குறிப்பிட வேண்டும். பொதுக் குறிப்பேடு, பணிப் பதிவேடு, ஜீப்பின் ஓட்டப் பதிவு, சம்பந்தப்பட்டவர்களின் செல்போன் அழைப்பு விவரம், ரிமாண்டுக்கு முன் மருத்துவர் கொடுத்த சான்று ஆகியவற்றைக் காக்கச் சொல்ல வேண்டும். அடித்துக் கூட்டிவரப்பட்டவருக்கு நல்ல உடல்நிலையில் இருப்பதாகச் சான்று கொடுத்த மருத்துவரும், முகத்தைச் சரியாகப் பார்க்காமல் சிறைக்கு அனுப்பும் நடுவரும் இந்தச் சங்கிலியின் கண்ணிகள்தான். அவர்களைப் பற்றிய கேள்விகளும் மனுவில் வர வேண்டும். நிலையத்தின் ஊழியர்கள் அனைவரையும் அங்கிருந்து மாற்றக் கேட்க வேண்டும், சாட்சி சொல்லத் துணியும் காவலருக்குப் பாதுகாப்பும் கேட்க வேண்டும்.

எந்த வழியில் போனாலும் கடைசியில் முட்டும் சுவர் ஒன்றே: போலீஸ் காவலில் இருந்தவரின் காயத்துக்கு போலீசே பொறுப்பு என்ற அனுமானம் நம் சாட்சியச் சட்டத்தில் இல்லை. அப்படி ஒரு பிரிவைச் சேர்க்கச் சொல்லி சட்ட ஆணையம் 1985இல் தன் 113ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது. இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. 2010இல் மக்களவையில் நிறைவேறிய சித்திரவதைத் தடுப்பு மசோதா காலாவதியானது. 2017இல் சட்ட ஆணையம் 273ஆவது அறிக்கையில் மறுபடியும் வரைவே எழுதிக் கொடுத்தது. குற்றவியல் சட்டங்கள் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றி எழுதினார்கள், அப்போதும் அந்த ஒரு பிரிவுக்கு இடம் கொடுக்கவில்லை. இதைச் சேர்க்கக் கேட்பது ஒரு குடும்பத்தின் வேலையல்ல, கட்சிகளின் வேலை. பிணவறை வாசலுக்கு வந்து பேட்டி கொடுக்கும் தலைவர்களிடம் நிருபர்கள் இதைக் கேட்கலாம்.

குடும்பத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். குற்றப்பத்திரிகை தாக்கலானதும் கூட்டம் கலைந்துவிடும். அதன்பிறகுதான் ஜாமீன் மனுக்கள் வரிசையாக வரும், சாட்சிகளைத் தேடி ஆட்கள் வீட்டுக்கு வருவார்கள். சாத்தான்குளத்தில் கணவனையும் மகனையும் இழந்த அந்தப் பெண், போலீசாரின் ஜாமீன் மனுக்களை எதிர்த்து இடையீட்டு மனு தாக்கல் செய்துகொண்டே இருந்தார். அப்படி ஒவ்வொரு வாய்தாவுக்கும் போக ஒரு வழக்கறிஞரை முதல் வாரத்திலேயே அமர்த்திக்கொள்ளுங்கள். அவருடைய கட்டணத்துக்கும் மதுரைக்கோ சென்னைக்கோ போய்வரும் செலவுக்கும் இடைக்கால இழப்பீட்டில் ஒரு பகுதியைத் தனியாக வங்கியில் போட்டு வையுங்கள்.